கிணற்றுமேட்டு ஸ்டார்ட்டரும் ஐந்துகால் சில்லும்

சேலம் நகரின் வடபுறத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தை நோக்கிப் பரந்திருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர், கம்பி எந்த ஆண்டில் ஊருக்குள் வந்தது என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் அந்த வரலாற்றில் பாதியைத்தான் எழுதியவர்களாவர். வந்த மின்சாரம் எவ்வளவு அழுத்தத்தோடு வந்தது, அது கூடியும் குறைந்தும் அலைந்தபோது வீட்டிலும் தோட்டத்திலும் இருந்த கருவிகளை மக்கள் எவ்வாறு காப்பாற்றினார்கள் என்பதே மீதிப் பாதி. “கரண்டு இருக்கு, ஓல்டேஜ் இல்லை” என்று இந்தப் பக்கத்து உழவர் சொல்லும் சொற்றொடரில் மின்பொறியியலின் அடிப்படை வேறுபாடொன்று பிழையின்றி அடங்கியிருக்கிறது. கம்பியில் மின்னோட்டம் பாய்வது ஒன்று, அதைத் தள்ளும் விசையாகிய மின்னழுத்தம் போதுமான அளவில் இருப்பது வேறொன்று. அந்த அழுத்தத்தைத் தேவைக்கேற்ப இறக்கிக் கொடுப்பதும், இறக்கிக் கொடுக்கும் கருவி தன்னைத்தானே எரியாமல் காத்துக்கொள்வதும் இன்று விரல்நகம் அளவுள்ள சில்லு ஒன்றுக்குள் நடக்கின்றன. இந்த இரண்டாவது வேலையின் இலக்கணம் சேலம் சமவெளிக்குப் புதியது அன்று. கிணற்றுமேட்டு மோட்டார் அறையின் இரும்புப் பெட்டிக்குள் அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே இயங்கிவந்தது.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அணையின் அடியில் அமைந்த நீர்மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. நீலகிரியின் பைக்காரா நிலையம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே கோவைப் பகுதிக்கு மின்சாரம் அளித்துவந்த நிலையில், இவ்விரண்டும் ஈரோட்டில் இணைக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் மின்தொகுப்புக்கு முதல் முடிச்சு விழுந்தது. சேலம், ஈரோடு நகரங்களில் வீடுகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளித்தது சேலம்–ஈரோடு மின்பகிர்மானக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். 1957இல் சென்னை மாநில மின்சார வாரியம் உருவாகி, தனியார் வசம் இருந்த பகிர்மானமும் பின்னாளில் அதன்கீழ் வந்தது.

அணையடியில் பிறந்த மின்சாரம் நெடுந்தொலைவு செல்வதற்காக 1,10,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தப்பட்டு, துணைமின் நிலையங்களில் 22,000 அல்லது 11,000 வோல்ட்டாக இறங்கி, ஊர் எல்லையில் கம்பத்தின் மீது அமர்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரில் மும்முனைக்கு ஏறத்தாழ 415 வோல்ட்டாகவும், வீட்டின் ஒருமுனைக்கு 230 அல்லது 240 வோல்ட்டாகவும் வந்து சேர்ந்தது. டிரான்ஸ்பார்மர் என்பது ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்ட இரண்டு கம்பிச் சுருள்கள். முதற்சுருளின் சுற்றுகளுக்கும் இரண்டாம் சுருளின் சுற்றுகளுக்கும் உள்ள விகிதம் எதுவோ அதே விகிதத்தில் மின்னழுத்தம் இறங்கும். இந்த எளிமையே அதன் வலிமையும் குறையும் ஆகும். மேலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கீழே கிடைப்பதும் பத்தில் ஒரு பங்கு குறையும். தன் வெளியீடு எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, பார்த்துத் திருத்துவதும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்புகளில் நூற்றுக்கு 6 வரையிலான ஏற்ற இறக்கத்தை மட்டுமே அனுமதித்தன. ஆனால் நீண்ட கம்பித்தொடரின் கடைக்கோடியில் இருந்த தோட்டங்களில், ஒரே வேளையில் பல மோட்டார்கள் ஓடியபோது, கம்பியின் தடையே அழுத்தத்தைத் தின்றுவிட, அந்த விதி ஏட்டளவில் நின்ற நாட்கள் பல.

அழுத்தத்தை இறக்குவதற்கு இன்னொரு பழைய வழியும் இருந்தது. அதற்கான சான்று சேலத்தின் ஏற்காடு சாலையிலேயே கிடைக்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இச்சாலையில்தான் இயங்கியது. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற முழுநீள வண்ணப்படம் அங்கிருந்து வந்ததே. அக்காலத்துப் படப்பிடிப்புக் கூடங்களுக்கும், ஊர்தோறும் சென்ற டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளின் புரொஜெக்டர்களுக்கும் ஒளி தந்தவை கார்பன் வில்விளக்குகள். இரண்டு கார்பன் குச்சிகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கும்போது இடையில் எழும் சுடர், குறைந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தைக் குடிக்கும். தன்போக்கில் விட்டால் மேலும் மேலும் குடித்துக் கம்பியையே உருக்கும். ஆகவே கூடுதல் அழுத்தத்தை இடையில் ஒரு தடைச்சுருளில் செலவழித்து, மிச்சத்தை மட்டும் விளக்குக்குக் கொடுத்தார்கள். செலவழிந்த அழுத்தம் முழுவதும் வெப்பமாயிற்று. பயன்படும் பங்குக்கு ஈடான பங்கை அனலாக்கி வெளியே விடும் இந்த முறை, பின்னாளில் சிலிக்கான் சில்லில் மறுபிறப்பு எடுத்ததைக் கீழே காணலாம்.

சேலம் சமவெளியின் உழவர்களுக்கு மின்னழுத்தத்தின் குணத்தைக் கற்பித்த ஆசான் கிணற்று மோட்டாரே. கவலை ஏற்றத்தில் மாடுகள் இழுத்த நீரை மின்மோட்டார் இறைக்கத் தொடங்கியபின், விசைக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு ஒவ்வொரு கோடையிலும் கண்முன் தெரிந்தது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதான் என்று புதியவர் நினைக்கக்கூடும். உண்மை அதைவிடக் கடுமையானது. கிணற்றின் ஆழமும் நீரின் எடையும் குறையாமல் இருக்க, அழுத்தம் குறையும்போது மோட்டாரின் முறுக்குவிசை அதன் இருமடி விகிதத்தில் விழுந்துவிடுகிறது. நூற்றுக்கு 80 பங்கு அழுத்தத்தில் 64 பங்கு விசையே மிஞ்சும். அதே சுமையை இழுத்தாக வேண்டிய மோட்டார், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது. மின்னோட்டம் கூடினால் செம்புச் சுருளின் சூடு அதன் இருமடியாகப் பெருகும். சுருளின் மேற்பூச்சான வார்னிஷ் கருகும். கருகிய நாற்றம் மோட்டார் அறையைத் தாண்டி வரப்புவரை வீசும்போது காரியம் கைமீறியிருக்கும். மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று அறுந்து, எஞ்சிய இரண்டில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றாலும் இதே கதிதான். சந்தைகூடும் ஊர்களில் ‘காயில் கட்டும்’ கடைகள் பெருகியதற்குக் காரணம் இதுவே.

இந்த இழப்பைத் தடுக்க மோட்டாரோடு இணைந்து வந்தது ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் கொண்ட அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு மூன்று காவல்கள் தெரியும். முதலாவது, நோ-வோல்ட் காயில். இணைப்புத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும் இந்த மின்காந்தச் சுருள், அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் தன் பிடியைத் தளர்த்திவிடும். சுருள்வில் தகடுகளைப் பிரிக்க, மோட்டார் நிற்கும். இரண்டாவது, ஓவர்லோடு ரிலே. வெப்பத்தில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, மிகை மின்னோட்டத்தின் சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். பட்டை ஆறிய பின்னரே மீண்டும் ரீசெட் செய்ய இயலும். மூன்றாவது, பெரிய மோட்டார்களுக்குரிய ஸ்டார்–டெல்டா ஏற்பாடு. நின்றிருக்கும் மோட்டார் முழு அழுத்தத்தில் ஒரேயடியாகக் கிளம்பினால் வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், சுருள்களை முதலில் நட்சத்திர வடிவில் இணைத்து நூற்றுக்கு 58 பங்கு அழுத்தத்தில் மெல்லக் கிளப்பி, வேகம் பிடித்தபின் முக்கோண வடிவுக்கு மாற்றுவது இதன் முறை. கிளம்பும்போது கம்பியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் இதனால் மூன்றில் ஒரு பங்காகும். இவற்றோடு நான்காவதாக உழவர்களே விரும்பிச் சேர்த்துக்கொண்டது ஆட்டோ ஸ்டார்ட்டர். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்வரை விழித்திருக்க இயலாதவர்களுக்காக, நின்ற மோட்டாரைச் சிறிது இடைவெளிவிட்டுத் தானே மறுபடி கிளப்பிப் பார்க்கும் கருவி அது. குறைந்த அழுத்தத்தில் விலகு, மிகைச் சூட்டில் நில், மெல்லக் கிளம்பு, ஆறியபின் மீண்டும் முயல் என்ற நான்கு கட்டளைகளும் இந்தப் பெட்டியில் எழுதப்படாத சட்டமாக இருந்தன.

வீட்டுக்குள் இதற்கு இணையான காவல் ஸ்டெபிலைசர் வடிவில் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் நடுத்தர வீடுகளில் நுழைந்த 1980களில், அவற்றின் அருகே ஒரு முள்ளளவையோடு அமர்ந்திருந்த இந்தப் பெட்டி, ஒரே சுருளில் பல இடங்களில் கிளைகள் எடுத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கொண்டிருந்தது. அழுத்தம் மாறும்போது ரிலே ‘டக்’ என்ற ஓசையோடு ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். படியேறி இறங்குவதுபோல் விட்டுவிட்டுத் திருத்துவதால் துல்லியம் குறைவு. எனினும் அழுத்தத்தைப் பார்த்துத் திருத்தும் பழக்கத்தை இது வீட்டுக்குள் கொண்டுவந்தது.

இதற்கு முன்பே வானொலிப் பெட்டிகளின் உள்ளே இன்னொரு மாற்றம் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் பாப் விட்லர் என்ற பொறியாளர் 1960களின் பிற்பாதியில் அழுத்தத்தைச் சீராக்கும் மின்சுற்று முழுவதையும் ஒரே சிலிக்கான் துண்டில் அமைத்தார். 1970ஐ ஒட்டி அவர் வடிவமைப்பில் வந்த எல்எம் 109, மூன்றே கால்களுடன், வெப்பம் மிகுந்தால் தானே அணையும் ஏற்பாட்டையும் உள்ளடக்கியிருந்தது. அதன் வழிவந்த 7805 என்ற மூன்றுகால் சில்லு இன்றளவும் பழுதுபார்க்கும் கடைகளின் டப்பாக்களில் கிடக்கிறது. ஆனால் இவை வேலை செய்யும் விதம் கார்பன் வில்விளக்கின் தடைச்சுருளுக்கு உடன்பிறப்பு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி 3 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால், இடைப்பட்ட 7 வோல்ட்டும் சில்லுக்குள்ளேயே எரிந்தாக வேண்டும். பயன்படுவது 15 வாட், வீணாகும் வெப்பம் 21 வாட். கைப்பிடி அளவு அலுமினியத் தகட்டைச் சுமக்காமல் அத்தகைய சில்லு ஒரு நிமிடமும் தாங்காது.

வெப்பமாக்கி வீணாக்காமல் இறக்கும் வழியைப் புரிந்துகொள்ள மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்தில் வழங்கும் முறைப்பாசனத்தை நினைத்துக்கொள்வது பொருத்தமாகும். வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பாதியாக்க மதகைப் பாதி திறந்துவைத்து நீரை மோதவிட வேண்டியதில்லை; முழுமையாகத் திறந்து சில நாள் விட்டு, முழுமையாக மூடிச் சில நாள் நிறுத்தினால், கீழே உள்ள குளம் அந்த ஏற்ற இறக்கத்தைத் தனக்குள் வாங்கிச் சீரான நீரை வயலுக்கு அனுப்பும். 1990ஐ ஒட்டி நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் வெளியிட்ட எல்எம் 2576 போன்ற ஐந்துகால் சில்லுகள் இதையே செய்கின்றன. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் மதகாகச் செயல்பட்டு, விநாடிக்கு 52,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 19 மைக்ரோ விநாடி. 12 வோல்ட்டை 5 ஆக்க அதில் சுமார் 8 மைக்ரோ விநாடி திறந்திருந்தால் போதும். வீட்டு மின்சாரம் ஒரு சுற்று முடிக்கும் நேரத்துக்குள் இந்த மதகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை திறந்து மூடிவிடுகிறது. முழுதாகத் திறந்திருக்கையில் அழுத்தம் வீணாவதில்லை, முழுதாக மூடியிருக்கையில் மின்னோட்டம் இல்லை. ஆகவே இரு நிலையிலும் வெப்பம் சொற்பமே. இதே வகைச் சில்லுகளில் 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்குகையில் நூற்றுக்கு 80 பங்கு அளவுக்கு ஆற்றல் பயனாகிறது. முன்பு 21 வாட்டாக இருந்த இழப்பு நான்கு வாட்டுக்குள் வந்துவிட்டது.

சில்லுக்கு வெளியே மூன்று துணைவர்கள் உண்டு. ஃபெரைட் உள்ளகத்தின் மேல் சுற்றிய செம்புச் சுருளான மின்தூண்டி, தன்வழி செல்லும் மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும். ஆயில் எஞ்சினின் கனத்த சக்கரம், வெடிப்புக்கு வெடிப்பு இடையிலும் சுழற்சியை விடாமல் காப்பதற்கு ஒப்பானது அது. மதகு மூடியிருக்கும் நேரத்தில் அந்தச் சுருளின் மின்னோட்டம் திரும்பி வர ஒரு பாதை வேண்டும். அதை ஒருவழிக் கதவாகிய டையோடு தருகிறது. எஞ்சிய அலைவை வாங்கிக்கொள்ளும் குளம், கடைக்காரர்கள் கண்டென்சர் என்று அழைக்கும் மின்தேக்கி. வெளியீட்டின் ஒரு பங்கு சில்லுக்குத் திரும்பிச் சென்று, உள்ளே இருக்கும் 1.23 வோல்ட் உரைகல்லோடு ஒப்பிடப்படுகிறது. குறைந்தால் மதகு திறந்திருக்கும் நேரம் கூடும், மிகுந்தால் குறையும். அந்த உரைகல்லின் நுட்பம் தனியாகப் பேசத்தக்கது. சிலிக்கானில் ஒரு வகை அழுத்தம் சூடேற ஏறக் குறைகிறது, வேறொரு வகை சூடேற ஏறக் கூடுகிறது; இரண்டையும் சரியான அளவில் கூட்டினால், ஏற்காட்டின் குளிரிலும் சேலத்தின் சித்திரை வெயிலிலும் ஏறக்குறைய மாறாத ஓர் அளவு கிடைக்கிறது.

இனித் தற்காப்பு. ஸ்டார்ட்டர் பெட்டியின் நான்கு கட்டளைகளும் இந்தத் துளிச் சிலிக்கானில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதே இந்த வரலாற்றில் மிகவும் வியக்கத்தக்க பகுதி. வெளியீட்டின் சுமை மாறாதிருக்க, உள்வரும் அழுத்தம் குறைந்தால், இந்தச் சில்லும் கிணற்று மோட்டாரைப் போலவே மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது. 15 வாட் வெளியீட்டுக்கு ஏறத்தாழ 19 வாட் உள்ளே வேண்டுமெனக் கொண்டால், 24 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், 8 வோல்ட்டில் 2.4 ஆம்பியர். தளர்ந்த பேட்டரி இதனால் மேலும் தளரும். ஆகவே ஓர் அளவுக்குக் கீழே உள்ளழுத்தம் இறங்கினால் வேலையை நிறுத்திவிடும் காவல், நோ-வோல்ட் காயிலின் வாரிசாக அமைந்தது. தொடக்ககாலச் சில்லுகளில் இதை வெளியே ஒரு டிரான்சிஸ்டர் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது. பின்வந்தவை உள்ளேயே கொண்டிருக்கின்றன.

மிகை மின்னோட்டக் காவலில் சில்லு தன் மூதாதையை வெகுதூரம் விஞ்சிவிட்டது. ஈருலோகப் பட்டை வளைய விநாடிகளோ நிமிடங்களோ ஆகும்; சில்லு ஒவ்வொரு திறப்பிலும் மின்னோட்டத்தை அளந்து, வரம்பைத் தொட்ட கணமே அந்தச் சுற்றுக்கு மதகை மூடிவிடுகிறது. வெளியீட்டுக் கம்பிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு முழுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இன்னொரு சிக்கல் எழும்: எதிர்த்து நிற்க அழுத்தமே இல்லாததால் மூடியிருக்கும் நேரத்தில் சுருளின் மின்னோட்டம் போதுமான அளவு வடிவதில்லை, அடுத்த திறப்பில் அதன்மேல் இன்னும் ஏறும். இதற்காகவே எல்எம் 2596 போன்ற சில்லுகள், வரம்பு மீறப்படும்போது திறந்து மூடும் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்து, வடிவதற்கு நேரம் கொடுக்கின்றன. பிற்கால வடிவங்கள் சில முற்றிலும் அணைந்து, சில மில்லி விநாடிகள் கழித்துத் தாமே மறுபடி முயன்று பார்க்கும். ஆட்டோ ஸ்டார்ட்டரின் வழி அது. கிளம்பும்போது வெளியீட்டைப் படிப்படியாக உயர்த்தும் மென்தொடக்கம், ஸ்டார்–டெல்டாவின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறது.

வெப்பக் காவல் இன்னும் நுட்பமானது. டிரான்சிஸ்டர் ஒன்று விழித்தெழச் சாதாரண சூட்டில் சுமார் 0.65 வோல்ட் வேண்டும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அந்தத் தேவை ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும். சில்லின் வெப்பம் மிகுந்த மூலையில் காவலாக ஒரு டிரான்சிஸ்டரை அமைத்து, அதற்கு 0.4 வோல்ட் அளவே கொடுத்து உறங்கவைத்திருப்பார்கள். சிலிக்கானின் சூடு 150 டிகிரியைத் தாண்டும்போது அந்த 0.4 வோல்ட்டே போதுமானதாகி, உறங்கியது விழித்து மதகை மூடிவிடும். சற்று ஆறினால் உடனே திறந்துவிடாமல், பல டிகிரி இறங்கும்வரை காத்திருக்கும் ஏற்பாடும் உண்டு. ரீசெட் செய்யப் பட்டை ஆறட்டும் என்று மோட்டார் அறை வாசலில் நின்ற உழவரின் பொறுமையை இங்கே சிலிக்கான் மேற்கொள்கிறது.

சேலம் பகுதியின் வீடுகளில் இந்த மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் பெட்டிகள் ஊர்தோறும் வந்த காலத்தில், திறந்து மூடும் முறையில் இயங்கும் மின்வழங்கிகள் பரந்த அழுத்த வரம்பைத் தாமே தாங்கியதால், ‘டக்’கென்று ஒலித்த ஸ்டெபிலைசர் தொலைக்காட்சியின் பக்கத்திலிருந்து மெல்ல மறைந்தது. இன்று செட்-டாப் பெட்டி, வைஃபை கருவி, சூரியஒளித் தெருவிளக்கு, பைக்கின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கைப்பேசிக்கு 5 வோல்ட் தரும் சிறு இணைப்பு ஆகிய அனைத்திலும் இறக்குச் சில்லோ அதன் உறவினரோ இருக்கிறது. சேலத்துக் கடைகளில் விற்கும் நீலநிறச் சிறு போர்டில், ஐந்துகால் சில்லும் கறுப்பு மின்தூண்டியும் இரண்டு வெள்ளிநிறக் கண்டென்சர்களும், அழுத்தத்தைத் திருத்த ஒரு பித்தளைத் திருகும் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம்.

இத்தனை காவல்களும் சில்லைத்தான் காக்கின்றன. பக்கத்தில் உள்ளவற்றை அல்ல. ஈரமான மின்பகுபொருள் நிரம்பிய கண்டென்சரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த கூரையின் கீழ், காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், கோடையில் அது சில ஆண்டுகளிலேயே உலர்ந்து தலை உப்பிவிடும். கருவி வேலை செய்யவில்லை என்று கொண்டுவருபவரிடம் பழுதுபார்ப்பவர் சில்லைத் தொடுவதற்கு முன் கண்டென்சரின் தலையைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார்; உப்பியிருந்தால் 85 டிகிரி எழுதியதைக் கழற்றி 105 டிகிரி எழுதியதை வைக்கிறார். இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுவதற்காகக் கிணற்றுமேட்டில் மாட்டப்படும் கண்டென்சரும் கோடையில் முதலில் போவதே.